கூடிக் கேட்டு வளர்ந்த பாட்டு

2018-ஆம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி. மொரீஷியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயி நகரில் ஒரு கூட்டம் நடந்தது. ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனமான யுனெஸ்கோவின் கமிட்டிக் கூட்டம் அது.

எந்த நாட்டு மக்களின் எந்தக் கலை உலகத்துக்கே சொந்தமான செல்வம் என்று முடிவு செய்யும் கமிட்டி அது. அன்று அந்தக் கமிட்டி, ஜமைக்கா நாட்டின் ‘ரெகே’ இசையைத் தன் பட்டியலில் சேர்த்தது.

ஜமைக்கா எங்கே இருக்கிறது? கரீபியன் கடலில் இருக்கிறது. மேற்கு இந்தியத் தீவுகள் என்று கிரிக்கெட் ரசிகர்கள் சொல்கிறார்களே, அந்தத் தீவுகளில் அதுவும் ஒன்று. ஓட்டப் பந்தய வீரர் உசேன் போல்ட் பிறந்த நாடு. பந்து வீச்சாளர் கோர்ட்னி வால்ஷ் பிறந்த நாடு. மொத்த ஜனத்தொகை சுமார் 28 லட்சம்தான்.

இவ்வளவு சிறிய தீவில் பிறந்த பாட்டு லண்டனுக்குப் போயிற்று. நியூயார்க்குக்குப் போயிற்று. பிரேசில் நாட்டின் கடற்கரை ஊருக்கும் போயிற்று. எப்படிப் போயிற்று?

அரசாங்கம் அனுப்பி வைக்கவில்லை. தொடக்கத்தில் உள்ளூர் வானொலிகூட அதற்கு இடம் கொடுக்கத் தயங்கியது. ஏழை ஜனங்கள் தெருவிலும் திடலிலும் கூடி நின்று கேட்டார்கள். பிள்ளைகளையும் கேட்க வைத்தார்கள். அவர்கள் கப்பல் ஏறிய இடமெல்லாம் அந்தப் பழக்கமும் கூடவே ஏறியது.

பட்டம் கிடைத்துவிட்டது. ஆனால் கூடிக் கேட்கும் பழக்கம் நிலைக்குமா? இன்று ஜமைக்காவில் எழுந்திருக்கும் கேள்வி இதுதான்.

மேளத்துக்குத் தடை

இந்தக் கதை கண்ணீரில் தொடங்குகிறது.

1655-இல் ஆங்கிலேயர்கள் ஸ்பெயின்காரர்களிடமிருந்து ஜமைக்காவைப் பிடித்தார்கள். அங்கே கரும்புத் தோட்டங்கள் போட்டார்கள். வேலை செய்ய ஆள் வேண்டும். ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்கி, சங்கிலி போட்டுக் கப்பலில் கொண்டு வந்தார்கள்.

ஜமைக்காவில் அப்படி இறக்கப்பட்டவர்கள் சுமார் 10 லட்சம் பேர். அவர்களில் ஒரு பகுதியினர் வேறு இடங்களுக்கு மீண்டும் விற்கப்பட்டார்கள். அடிமை முறை ஒழிந்தபோது தீவில் இருந்த அடிமைகள் சுமார் 3 லட்சம் பேர்தான். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லும். கரும்புத் தோட்டம் மனிதர்களைத் தின்றது.

வந்தவர்களின் ஊர்ப் பெயர் போயிற்று. குடும்பப் பெயர் போயிற்று. தோட்ட முதலாளி வைத்த பெயரே பெயர் ஆயிற்று. தாய்மொழியும் தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்தது.

மிஞ்சியது தாளம் ஒன்றுதான். அதற்கும் ஆபத்து வந்தது.

அடிமைகள் மேளம் கொட்டிக் கூடினால் கலகம் வரும் என்று முதலாளிகள் பயந்தார்கள். மேளச் சத்தம் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குச் சேதி சொல்லும். ஆகவே, மேளம் கொட்டிக் கூட்டம் சேர்வதை 18-ஆம் நூற்றாண்டில் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

சட்டம் மேளத்தைப் பறித்தது. கையையும் காலையும் பறிக்க முடியவில்லை. கை தட்டினார்கள். கால் மிதித்தார்கள். வேலைப் பாட்டிலும், சாவு வீட்டுப் பாட்டிலும், மாதாகோவில் பாட்டிலும் பழைய தாளம் ஒளிந்துகொண்டது.

1834-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1838-இல் முழு விடுதலை கிடைத்தது. கூலிக்கு ஆள் தேடிய தோட்ட முதலாளிகள் 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டு வந்தார்கள். அந்த இந்தியர்கள் கொண்டு போன மசாலாவில் பிறந்த ஆட்டுக்கறிக் குழம்பு, பின்னாளில் ஜமைக்காவின் ஆட்டக் கூட்டங்களுக்கே உரிய சாப்பாடாக ஆயிற்று.

தெருவுக்கு வந்த மைக்செட்

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். தலைநகரமான கிங்ஸ்டனில் கிராமத்து ஜனங்கள் வேலை தேடி வந்து குவிந்தார்கள். ஓட்டைக் குடிசைகள். நெருக்கமான சந்துகள்.

வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் சிலரே. இசைத்தட்டு வாங்க ஏழைக்கு வசதி கிடையாது. வாத்தியக்காரர்களை அமர்த்தி விருந்து வைப்பது பணக்காரர் வேலை. ஏழை எங்கே போய்ப் பாட்டுக் கேட்பான்?

அப்போது சில வியாபாரிகளுக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் செய்தார்கள். ஆம்பிளிபயரும் கிராமபோனும் சேர்த்தார்கள். வண்டியில் ஏற்றித் திடலுக்குக் கொண்டு போனார்கள். இந்தப் பெரிய மைக்செட்டுக்கு ஜமைக்காவில் ‘சவுண்ட் சிஸ்டம்’ என்று பெயர்.

முதலில் பெரும் புகழ் பெற்றவர் டாம் வோங். இவர் சீனத் தகப்பனாருக்குப் பிறந்தவர். இரும்புச் சாமான் கடைக்காரர். அவருக்கு ஆம்பிளிபயர் செய்து கொடுத்தவர் ஹெட்லி ஜோன்ஸ். போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையில் வேலை பார்த்து, மின்சாரக் கருவிகளின் நுட்பம் கற்றவர் அவர். போரில் கற்ற வித்தை பாட்டுக்குப் பயன்பட்டது!

அடுத்து வந்தவர் டியூக் ரீட். முன்பு போலீஸ்காரர். பிறகு மனைவியுடன் மதுக்கடை நடத்தியவர். மூன்றாமவர் கிளெமென்ட் டாட். ‘காக்ஸன்’ என்று சொன்னால்தான் ஜனங்களுக்குத் தெரியும். தாயாரின் கடைக்கு வந்தவர்களுக்குப் பாட்டுப் போட்டுத் தொடங்கியவர். அமெரிக்காவுக்குத் தோட்டக் கூலியாகப் போய், திரும்பும்போது இசைத்தட்டுகளைச் சுமந்து வந்தவர்.

நுழைவுக் கட்டணம் கொஞ்சம்தான். உள்ளே பாட்டு. பக்கத்தில் பெண்கள் அடுப்பு மூட்டிச் சாப்பாடு விற்பார்கள். தையற்காரருக்கு வேலை. தச்சருக்கு வேலை. ஒலிபெருக்கியை நம்பி ஒரு வட்டாரமே பிழைத்தது.

பெயர் சுரண்டிய தட்டு

வியாபாரம் என்றால் போட்டி இல்லாமல் இருக்குமா?

அமெரிக்காவிலிருந்து யாரிடமும் இல்லாத தட்டைக் கொண்டு வருபவருக்கே கூட்டம். ஆகவே புதிய தட்டு கைக்கு வந்ததும், அதன் நடுவில் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டைச் சுரண்டி விடுவார்கள். பாடியவர் யார், பாட்டின் பெயர் என்ன என்று எதிராளிக்குத் தெரியக் கூடாதல்லவா!

காக்ஸன் ஒரு தட்டுக்குத் தன் பெயரையே சூட்டி, தன் செட்டின் அடையாளப் பாட்டாக ஓட்டினார். அந்தத் தட்டை டியூக் ரீட் பல ஆண்டுகள் தேடினார். கடைசியில் கண்டுபிடித்தார். ஒரு நாள் இரவு, காக்ஸன் நின்றுகொண்டிருந்த கூட்டத்திலேயே அதைப் போட்டார். காக்ஸன் மயங்கி விழப் போனார் என்று, அவரிடம் அப்போது வேலை பார்த்த பிரின்ஸ் பஸ்டர் பின்னாளில் கூறினார்.

சிரிப்புக் கதைதான். ஆனால் இதில் ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. பெயர் தெரியாத பாட்டை வீட்டில் வாங்கிக் கேட்க முடியாது. கேட்க வேண்டுமானால் கூட்டத்துக்குத்தான் வர வேண்டும்.

கூட்டமே நீதிபதி

1950-களின் கடைசியில் அமெரிக்காவில் பாட்டின் போக்கு மாறியது. ஜமைக்கா மக்களுக்குப் பிடித்த மாதிரித் தட்டுகள் வருவது குறைந்தது. மைக்செட் முதலாளிகள் என்ன செய்வார்கள்? உள்ளூர் ஆட்களைப் பாட வைத்து, தாங்களே தட்டுப் போட ஆரம்பித்தார்கள்.

இங்கேதான் அதிசயம் நடந்தது.

பாட்டைப் பதிவு செய்ததும் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். ஒரே ஒரு மாதிரித் தட்டு எடுப்பார்கள். அதை அன்று இரவே திடலில் போட்டுப் பார்ப்பார்கள். ஜனங்கள் ஆடினால் பாட்டு பிழைத்தது. சும்மா நின்றால் பாட்டு செத்தது.

பாட்டு மிகவும் பிடித்துவிட்டால் கூட்டம் கூச்சல் போடும். சுவரைத் தட்டும். உடனே தட்டுப் போடுபவர் பாட்டைப் பாதியில் நிறுத்தி, முள்ளை எடுத்து, முதலிலிருந்து போடுவார். ஒரே இரவில் ஒரு பாட்டு பல தடவை இப்படித் திரும்பும். பத்திரிகை விமர்சனம் தேவையில்லை. தெருவில் நின்றவர்களே தீர்ப்புச் சொன்னார்கள்.

இப்படித் தேறித் தேறி ஒரு புதிய இசை உருவாயிற்று. 1960-ஐ ஒட்டி ‘ஸ்கா’ வந்தது. 1966-இல் ‘ராக்ஸ்டெடி’ வந்தது. 1968-இல் ‘ரெகே’ வந்தது. அதைப் பின்னால் உலகமெங்கும் கொண்டு போனவர் பாப் மார்லி. அவர் 1981-இல் தமது 36-ஆம் வயதில் காலமானார்.

முன்பு தடை செய்த மேளம் என்ன ஆயிற்று? அதுவும் வெளியே வந்தது.

கிங்ஸ்டனின் கிழக்குப் பக்கத்துக் குன்றுகளில் ராஸ்தபாரி என்ற சமயப் பிரிவினர் வாழ்ந்தார்கள். ஆப்பிரிக்காவே தங்கள் தாயகம் என்பது அவர்கள் நம்பிக்கை. சடை வளர்த்த அவர்களை ஊரார் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர்களில் கவுண்ட் ஓசி என்பவர் மேளம் கொட்டுவதில் வல்லவர். ஆப்பிரிக்க வழி வந்த ‘புர்ரு’ மேளக்காரர்களிடம் கற்றவர்.

1960-ஐ ஒட்டி பிரின்ஸ் பஸ்டர், அவரைத் தேடிப் போய் அழைத்து வந்து, ‘ஓ கரோலினா’ என்ற பாட்டுக்கு மேளம் கொட்ட வைத்தார். மைக்செட்டில் அது முழங்கியது. சட்டம் அடக்கிய மேளத்தைக் கொள்ளுப் பேரப் பிள்ளைகள் திடலில் நின்று கேட்டார்கள்.

பாட்டுப் போட்ட கன்னிகாஸ்திரீ

இந்தப் பழக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளும் புகுந்தது.

கிங்ஸ்டனில் ஆல்பா என்ற ஆண் பிள்ளைகள் பள்ளி இருந்தது. 1880-இல் தொடங்கியது. கத்தோலிக்கக் கன்னிகாஸ்திரீகள் நடத்தியது. அனாதைகளும், வழி தவறிய பிள்ளைகளும் அங்கே தச்சு வேலை, தையல் வேலை கற்றார்கள். பேண்டு வாத்தியமும் கற்றார்கள்.

அங்கே 1939 முதல் 2003-இல் இறக்கும் வரை சேவை செய்தவர் சிஸ்டர் மேரி இக்னேஷியஸ். இந்த அம்மையார் பள்ளிக்கென்று ஒரு மைக்செட்டே வாங்கினார்! இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். பிள்ளைகளை உட்கார வைத்துத் தாமே தட்டுப் போட்டார். எந்தக் கருவி எங்கே நுழைகிறது என்று கவனிக்கச் சொன்னார்.

டான் டிரம்மண்ட், டாமி மெக்குக் முதலிய பெரிய வாத்தியக் கலைஞர்கள் அந்தப் பள்ளியில் படித்தவர்கள். ஸ்கா இசையை உருவாக்கிய குழுவில் பலர் ஆல்பா பிள்ளைகள். சேர்ந்து கேட்பதே ஒரு படிப்பு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கதவை அடைத்த லண்டன்

1948-ஆம் ஆண்டு ஜூன் 22-ந்தேதி, ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்ற கப்பலிலிருந்து மேற்கு இந்தியத் தீவுகளின் மக்கள் நூற்றுக்கணக்கில் இங்கிலாந்தில் இறங்கினார்கள். போரில் நொறுங்கிய நாட்டுக்கு வேலையாட்கள் தேவை. பஸ் ஓட்ட, ரயிலில் வேலை பார்க்க, ஆஸ்பத்திரியில் நர்சாகப் பணிபுரிய மேலும் மேலும் மக்கள் வந்தார்கள்.

வேலை கிடைத்தது. மரியாதை கிடைக்கவில்லை. வாடகைக்கு வீடு கேட்டால் தோல் நிறத்தைப் பார்த்துக் கதவை அடைத்தார்கள். மதுக்கடையிலும் நடன மண்டபத்திலும் கறுப்பர்களுக்கு இடம் இல்லை என்றார்கள். பொது இடங்களில் இப்படி ஒதுக்குவதைத் தடை செய்யும் சட்டம் 1965-இல்தான் வந்தது.

வாரம் முழுவதும் உழைத்தவர்கள் சனிக்கிழமை இரவு எங்கே போவார்கள்? தங்கள் வீட்டிலேயே கூடினார்கள். நிலவறையில் சாமான்களை ஒதுக்கிவிட்டு மைக்செட் வைத்தார்கள்.

இங்கிலாந்தில் முதன் முதல் மைக்செட் அமைத்தவர் டியூக் வின். இவர் கிங்ஸ்டனில் டாம் வோங்கிடம் தட்டுப் போட்டுப் பழகியவர். 1954-இல் டிக்கெட் இல்லாமல் கப்பலில் ஒளிந்து வந்தவர். மறு ஆண்டே லண்டனில் தம் செட்டை முழங்க வைத்தார்.

அந்த வீட்டுக் கூட்டங்களில் ஊர்ச் சேதி கிடைத்தது. வேலை எங்கே காலி, எந்த வீட்டுக்காரர் நல்லவர் என்ற தகவல் கிடைத்தது. இங்கிலாந்திலேயே பிறந்து ஜமைக்காவைப் பார்த்தே இராத பிள்ளைகள், தாய் தகப்பன் பேச்சின் ஓசையை அந்தப் பாட்டுகளில் கேட்டார்கள். பிறகு அவர்களே சொந்தமாக மைக்செட் கட்டினார்கள். 1973 முதல், நாட்டிங் ஹில் தெருத் திருவிழாவிலும் மைக்செட்டுகள் இடம் பிடித்தன.

பதின்மூன்று பிள்ளைகள்

1981-ஆம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி அதிகாலை. தென்கிழக்கு லண்டனில் நியூ கிராஸ் என்ற பகுதியில் ஒரு வீட்டில் பிறந்த நாள் விருந்து. பாட்டும் ஆட்டமுமாக இருந்தது. திடீரென்று வீடு தீப்பிடித்தது.

பதின்மூன்று பேர் மாண்டார்கள். எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகள். 14 வயது முதல் 22 வயது வரை உள்ளவர்கள்.

தீ எப்படிப் பிடித்தது? யாராவது வைத்தார்களா? 1981-இலும், 2004-இலும் இரண்டு முறை மரண விசாரணை நடந்தது. இரண்டு முறையும் காரணம் முடிவாகவில்லை. யாரும் தண்டிக்கப்படவும் இல்லை.

அந்த ஆண்டு மார்ச் 2-ந்தேதி ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் லண்டன் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். தங்கள் பிள்ளைகளின் சாவை நாடு கண்டுகொள்ளவில்லை என்பது அவர்கள் மனக்குறை. அந்தத் துயரத்தைப் பற்றிப் பாட்டுகளும் வந்தன. அவற்றையும் மைக்செட்டில் கூடிக் கேட்டார்கள். துக்கத்தைப் பகிர்ந்துகொள்ளவும் அந்தக் கூட்டமே இடம் கொடுத்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரெகேக்கு உலகப் பட்டம் கிடைத்த அதே 2018-இல் இங்கிலாந்தில் ஓர் ஊழல் வெடித்தது. சிறு வயதில் வந்து, வாழ்நாள் முழுவதும் உழைத்த மேற்கு இந்தியத் தீவு முதியவர்கள் பலரிடம், ‘இங்கே இருக்க உங்களுக்கு உரிமை உண்டா? தாள் எங்கே?’ என்று அதிகாரிகள் கேட்டது அம்பலமாயிற்று. சிலர் வேலை இழந்தார்கள். சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். உள்துறை மந்திரி அந்த ஏப்ரலில் ராஜினாமாச் செய்தார்.

பாட்டுக்கு மாலை போட்ட உலகம், பாட்டைச் சுமந்து வந்தவர்களை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டது!

நியூயார்க்கில் ஒரு விருந்து

கிங்ஸ்டனில் பிறந்த கிளைவ் கேம்பல் என்ற பையன் 1967-இல் குடும்பத்தோடு நியூயார்க் போனான். வறுமை சூழ்ந்த பிராங்க்ஸ் பகுதியில் குடியேறினான். ஊரில் திடலுக்கு வரும் மைக்செட்டைக் கண்கொட்டாமல் பார்த்து வளர்ந்தவன்.

1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ந்தேதி அவன் தங்கை ஒரு விருந்து வைத்தாள். பள்ளி திறக்கப் போகிறது, புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்பதற்காக! இடம், அவர்கள் குடியிருந்த அடுக்கு மாடி வீட்டின் பொது அறை. பெண்களுக்குக் கட்டணம் 25 சென்ட். ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போட்டவன் அண்ணன்.

நியூயார்க் பிள்ளைகளுக்கு ஜமைக்கா பாட்டு பிடிபடவில்லை. ஆகவே அவர்களுக்குப் பழக்கமான அமெரிக்கக் கறுப்பினப் பாட்டுகளைப் போட்டான். வெறும் தாளம் மட்டும் ஒலிக்கும் இடம் வந்தால் கூட்டம் துள்ளி ஆடுவதைக் கவனித்தான். பிறகு, இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி, அந்த இடத்தை நீட்டிக் காட்டினான். கூடவே ஒருவர் மைக்கில் பேசினார்.

அதுவே ‘ஹிப் ஹாப்’ பிறந்த கதை. அந்தப் பையன்தான் ‘கூல் ஹெர்க்’. தமிழிலும் அதன் எதிரொலி உண்டு. 1994-இல் ‘காதலன்’ படத்தில் வந்த ‘பேட்டை ராப்’ பாட்டைக் கேட்காத வீடு குறைவு.

ஜமைக்காவின் பாட்டு நியூயார்க்கில் செல்லவில்லை. ஜமைக்காவின் முறை செல்லுபடி ஆயிற்று. பெரிய பெட்டி, கூடிய கூட்டம், கூட்டத்தின் முகம் பார்த்துத் தட்டுப் போடும் ஒருவர், மைக்கில் பேச ஒருவர் - இதுதான் கடல் தாண்டியது.

மொழி தெரியாத ரசிகர்கள்

பிரேசிலில் நேர்மாறாக நடந்தது.

வட பிரேசிலின் கடற்கரை நகரம் சாவோ லூயிஸ். ஆப்பிரிக்க வம்சாவளியினர் பெருவாரியாக வாழும் ஊர். பேசும் மொழி போர்ச்சுகீசியம். 1970-களில் அங்கே ரெகே தட்டுகள் பரவின. அங்கேயும் சுவர்போல அடுக்கிய ஒலிபெருக்கிப் பெட்டிகள். அவற்றுக்கு அந்த ஊரில் ‘ரேடியோலா’ என்று பெயர்.

பாட்டின் ஆங்கிலச் சொற்கள் அங்கே பலருக்குப் புரியாது. அதனால் என்ன? ஜனங்களே பாட்டுகளுக்குத் தங்கள் மொழியில் புதுப் பெயர் வைத்தார்கள். ஜமைக்காவில் தனித் தனியே ஆடுவார்கள். இங்கே ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடினார்கள். 2018-இல் அந்த ஊரில் ரெகேக்கென்று ஒரு பொருட்காட்சி சாலையே திறந்தார்கள்.

நியூயார்க்கில் பாட்டு மாறியது. சாவோ லூயிஸில் ஆட்டம் மாறியது. மூன்று ஊரிலும் மாறாமல் நின்றது கூடிக் கேட்பது ஒன்றுதான்.

காதுக்குள் அடைந்த பாட்டு

இப்போது நிலைமை என்ன?

கையடக்கமான தொலைபேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது. காதில் சிறு கருவியைச் செருகிக்கொண்டால் போதும். முன்பு ஒரு பாட்டுக்காக நடந்தே திடலுக்குப் போன ஏழைக்கு இது பெரிய வசதி. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தொலைபேசி, ஒருவருக்குப் பிடித்ததையே மறுபடி மறுபடி கொடுக்கும். திடலில் அப்படி இல்லை. பாட்டிக்குப் பிடித்த பழைய பாட்டைப் பேத்தியும் கேட்டாக வேண்டும். பேத்தியின் புதுப் பாட்டைப் பாட்டியும் கேட்டாக வேண்டும். பிடிக்காத பாட்டுக்கும் நின்று காது கொடுத்த இடத்தில்தான் ஒரு தலைமுறையின் சொத்து அடுத்த தலைமுறையின் கைக்குப் போயிற்று.

இன்னொரு பக்கம் சட்டம் இருக்கிறது. ஜமைக்காவில் 1997-இல் இரைச்சல் தடுப்புச் சட்டம் வந்தது. சாதாரண நாட்களில் நள்ளிரவோடு பாட்டை நிறுத்த வேண்டும் என்று அது விதித்தது. வெள்ளி, சனி இரவுகளில் 2 மணி வரை போடலாம் என்றது. மீறினால் போலீசார் வருவார்கள்.

இதில் இரு தரப்பு நியாயமும் உண்டு. நோயாளி தூங்க வேண்டும். பள்ளிப் பிள்ளை படிக்க வேண்டும். விடிகாலையில் வேலைக்குப் போகிறவருக்கு ஓய்வு வேண்டும். மார்பு அதிரும் சத்தத்தைப் பக்கத்து வீட்டார் ஏன் பொறுக்க வேண்டும்?

மைக்செட் நடத்துகிறவர்களும் ஒன்று கேட்கிறார்கள். ஆட்டம் சூடு பிடிப்பதே நள்ளிரவுக்கு மேல்தான். அந்த நேரத்தில் நிறுத்தினால் தட்டுப் போடுபவர் முதல் சாப்பாடு விற்கும் அம்மாள் வரை எல்லோர் பிழைப்பும் போகிறதே என்கிறார்கள். நாட்டின் பெருமை என்று மேடையில் பேசிவிட்டு, திடலில் வந்து மின்சாரத்தைப் பிடுங்கலாமா என்பது அவர்கள் கேள்வி.

இரண்டுக்கும் வழி இல்லாமல் இல்லை. வீடுகளுக்குத் தள்ளி நிரந்தரத் திடல் ஒதுக்கலாம். அங்கே நேரத்தைத் தாராளமாக வைக்கலாம். பட்டம் வாங்கிய அரசாங்கம் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

ஊரடங்கில் நடந்த சோதனை

2020-இல் கொரோனா வந்து உலகமே வீட்டுக்குள் முடங்கியது. கூட்டம் கூடத் தடை. அந்த ஆண்டு மே 23-ந்தேதி, பீனி மேன், பவுண்டி கில்லர் என்ற இரு ஜமைக்காப் பாடகர்கள் கிங்ஸ்டனில் பாட்டுப் போட்டி நடத்தினார்கள். தொலைபேசித் திரையில் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். லண்டனில் இருந்தவர்களும் நியூயார்க்கில் இருந்தவர்களும் அந்த ஒரே இரவில் ஒரே பாட்டைக் கேட்டார்கள்.

புதிய கருவியாலும் கூடிக் கேட்கலாம் என்பதை அது காட்டியது. ஆனால் அங்கே சுவரைத் தட்ட முடியாது. பாட்டைத் திரும்பப் போட வைக்கும் கூச்சல் கிடையாது. பக்கத்தில் நிற்பவர் ஆடுவதைப் பார்த்து ஆடக் கற்கும் குழந்தையும் கிடையாது. பஞ்ச காலத்துக் கஞ்சி பசியை ஆற்றும். அதுவே விருந்து ஆகிவிடாது.

பழைய ஆட்களும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். 2004-ஆம் ஆண்டு மே 1-ந்தேதி, காக்ஸனின் ஒலிப்பதிவுக் கூடம் இருந்த வீதிக்கு அதன் பெயரையே சூட்டி ‘ஸ்டூடியோ ஒன்’ வீதி என்று அறிவித்தார்கள். மூன்று நாள் கழித்து அவர் காலமானார். டியூக் வின் 2012-இல் மறைந்தார். லண்டனில் அரை நூற்றாண்டுக் காலம் மைக்செட் நடத்திய ஜா ஷாகா 2023-இல் மறைந்தார்.

அவர்கள் போட்ட தட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. எந்தப் பாட்டையும் ஒரு நொடியில் தேடி எடுக்கலாம். ஆனால் எந்த நேரத்தில் எந்தத் தட்டைப் போட்டால் களைத்த கூட்டம் எழுந்து நிற்கும் என்பதை எந்தத் தட்டிலும் எழுதி வைக்கவில்லை. அது பக்கத்தில் நின்று பார்த்துக் கற்க வேண்டிய வித்தை.

பொருட்காட்சி சாலை தட்டைக் காக்கும். பட்டியல் பெயரைக் காக்கும். வித்தையைக் காக்க ஒரு திடல் வேண்டும். அங்கே பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக நிற்க வேண்டும்.

மேளத்தைத் தடுத்த சட்டம் தோற்றது. கதவை அடைத்த லண்டன் தோற்றது. இரண்டு முறையும் அந்த மக்களுக்குக் கைகொடுத்தது, கூடி நின்று கேட்கும் பழக்கம். அதைக் காப்பாற்றினால்தான் 2018-இல் கிடைத்த பட்டத்துக்குப் பொருள் உண்டு.